பாதிவிலை ஊசி

அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர் பாதிவிலை அக்கா. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது வங்கிக்கும் ஓட்டுச் சாவடிக்கும் மட்டும். கடைக்காரன் நூறு என்றால் அவள் நாற்பதில் தொடங்குவாள். அவன் அறுபதுக்கு இறங்கினால் ஐம்பதில் நிற்பாள். அப்புறமும் படியவில்லை என்றால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "சரிப்பா, உனக்கும் நஷ்டம் வேண்டாம், எனக்கும் வேண்டாம்" என்று கிளம்பிவிடுவாள். தெருமுனையை எட்டுமுன் கூப்பிட்டுவிடுவார்கள். கூப்பிடாத கடைக்காரன் இனிமேல்தான் பிறக்க வேண்டும் என்பது அவள் கணவரின் கருத்து.

பிழைப்பு அழகு நிலையம். வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு சுழல் நாற்காலி, சுவர் முழுக்க ஒரு கண்ணாடி, தலை கழுவ ஒரு தொட்டி, காத்திருப்பவர்களுக்கு ஒரு சோபா. சோபாவும் பாதிவிலையில் வந்ததுதான். ஒரு கால் கொஞ்சம் குட்டை, அதற்கு அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருந்தாள். முடி வெட்டுவது, சாயம் பூசுவது எல்லாம் உண்டு என்றாலும் கூட்டம் வந்தது புருவத்துக்காக. நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மீதியை இரண்டு கைவிரல்களிலும் சுற்றி முறுக்கி, விரலை விரித்து மூடி, விரித்து மூடி, ஒவ்வொரு முடியாகப் பிடுங்குகிற திரெட்டிங் வேலை. அக்கா கைவைத்தால் புருவம் அளந்து வரைந்த மாதிரி இருக்கும். "வாயில நூல் இருக்கற நேரம்தான் எனக்கு ஓய்வு" என்பார் கணவர். தொழிற்சாலையில் பளு தூக்கும் வண்டி ஓட்டுகிறவர். பேச்சு குறைவு, பேசினால் இப்படித்தான்.

கடையில் கூட வேலை பார்த்தவள் நாத்தனார், கணவரின் தங்கை. தலை கழுவி விடுவது, கூட்டுவது, போனில் வாடிக்கைக்காரிகளுக்கு நேரம் குறித்துக் கொடுப்பது எல்லாம் அவள் பொறுப்பு. கட்டியவன் வேலை தேடிப் போகிறேன் என்று வெளியூர் போனான். போன இடத்தில் வேலையோடு சேர்த்து வேறொருத்தியையும் தேடிக்கொண்டான். அதன் பிறகு அவள் அடுத்த தெருவில் ஒற்றை அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, அண்ணி கொடுக்கும் சம்பளத்தில் யார் தயவும் இல்லாமல் இருந்துவந்தாள். அண்ணன் வீட்டிலேயே இருந்துவிடேன் என்று யாராவது சொன்னால், "நானும் அண்ணியும் ஒரே வீட்டுல இருந்தா ஒரு வாரத்துல போலீஸ் வந்துரும்" என்பாள். தினம் ஒரு சண்டை இருவருக்கும் உண்டு. துண்டை எங்கே வைத்தாய் என்று தொடங்கும், உங்கள் குடும்பமே இப்படித்தான் என்று முடியும்.

"எங்க குடும்பத்துல இப்ப நீங்களும் உண்டு அண்ணி" என்று நாத்தனார் நினைவூட்டுவாள்.

நாற்பதைத் தாண்டிய பிறகு ஒரு குளிர்காலத்தில் அக்காவுக்குக் கை பிடித்துக்கொண்டது. காலையில் எழுந்தால் விரல் மடங்காது. பற்பசை மூடியைத் திறந்து கொடுக்க நாத்தனார் வரவேண்டும் என்று காத்திருந்த நாளும் உண்டு. தைலம், ஒத்தடம் எல்லாம் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்து மூட்டுவாதம் என்றார்.

"இது வயசாகித் தேயற தேய்மானம் இல்லம்மா. உங்க உடம்பே உங்க மூட்டை எதிரின்னு நினைச்சு அடிக்குது."

"வீட்டுல ஒருத்தி சண்டை போடறது போதாதா? என் உடம்புமா?" என்றாள் அக்கா. கூட வந்திருந்த நாத்தனார் கூரையைப் பார்த்தாள்.

மாத்திரைகளுக்கு நோய் பாதி அடங்கியது, பாதி அடங்கவில்லை. டாக்டரம்மா ஊசிக்கு மாற்றினார். ஊசி என்றால் சிரிஞ்சும் மருந்துச் சீசாவும் இல்லை. தடித்த பேனா மாதிரி ஒன்று. ஃப்ரிட்ஜில் வைத்திருந்து, போடுவதற்கு அரைமணி முன்னால் வெளியே எடுத்துக் குளிர் விட்டதும், மூடியைக் கழற்றித் தொடையில் அழுத்த வேண்டும். 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், மருந்து இறங்கும். இன்னொரு 'டிக்' வந்தால் முடிந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிறு சாயங்காலம். போட்டுக்கொள்வது அக்கா, அலறுவது நாத்தனார். துணைக்குக் கையைப் பிடித்துக்கொள்கிறேன் என்று வந்து உட்கார்ந்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, முதல் டிக்குக்கே "ஐயோ அம்மா!" என்பாள்.

"அடியே, குத்து எனக்கு, கத்து உனக்கா?"

மருந்து நன்றாகவே வேலை செய்தது. சில வாரத்தில் விரல்கள் விரிந்தன, நூல் பழையபடி ஓடியது. அக்கா எதையும் மூடி வைக்கிறவள் அல்ல என்பதால் பேனா விஷயம் கடைக்கு வருகிற அத்தனை பேருக்கும் தெரியும். பேனா போட்ட வாரத்தில்தான் அக்காவின் விரல் சொன்ன பேச்சை ரொம்பக் கேட்கிறது என்று யாரோ ஒருத்தி கிளப்பிவிட்டாள். உண்மையோ பொய்யோ, அதுவே கடையின் வழக்கமாகிவிட்டது. நேர்முகத் தேர்வு, கல்யாணம், கோர்ட்டில் சாட்சி, எதுவானாலும் நாத்தனாருக்குப் போன் வரும். "அக்கா எப்ப பேனா போடறாங்க?" "வர்ற ஞாயிறு." "அப்ப எனக்குப் புதன்கிழமை குறிச்சுக்கோ." பேனா வாரத்தில் சோபாவில் இடம் இருக்காது. மறுவாரம் தலைக்குச் சாயம் பூசுகிறவர்கள் மட்டும் நிம்மதியாக வந்து போவார்கள்.

செலவில் பெரும்பங்கைக் கணவரின் தொழிற்சாலை எடுத்திருந்த மருத்துவக் காப்பீடு பார்த்துக்கொண்டது. அதனால் பேனாவின் விலை என்ன என்று அக்கா கேட்டதே இல்லை. வாழ்க்கையில் விலை கேட்காமல் அவள் வாங்கிய ஒரே பொருள் அதுதான். பிறகு ஒரு நாள் தொழிற்சாலை சிக்கனம் பிடிக்கிறேன் என்று வேறு காப்பீட்டுக்கு மாறியது. புதிய காப்பீட்டுக்காரர்கள் காய்ச்சலுக்கும் கால் முறிவுக்கும் தாராளமாகத்தான் இருந்தார்கள். பேனா மட்டும் எங்கள் பட்டியலில் இல்லை என்று கைவிரித்தார்கள்.

அக்கா மருந்துக்கடைக்குப் போனாள். விலையைக் கேட்டதும் கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த விலைக்கா? உள்ள தங்கமா வச்சிருக்கீங்க?"

"ரெண்டு பேனா அக்கா. ஒரு மாசத்துக்கு" என்றார் மருந்துக்கடைக்காரர். நல்ல மனுஷர், பொறுமைசாலி.

"சரி, ஆறு பெட்டி மொத்தமா எடுத்தா என்ன போடுவே?"

"மொத்தமா எடுத்தா மொத்தமா ஆகும் அக்கா. விலை பெட்டியிலயே அச்சடிச்சிருக்கு பாருங்க."

"தேதி முடியப் போறதா ஏதாவது இருந்தா குடேன். ரொட்டிக் கடையில சாயங்காலமானா பாதி விலைக்குத் தள்ளிவிடறாங்க."

"அக்கா, இது ரொட்டி இல்ல."

"காலிப் பேனாவைத் திருப்பிக் குடுத்தா கழிச்சுக்குவியா?"

வரிசையில் நின்றவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். தெருமுனை வரை போனாள். அங்கே கொஞ்ச நேரம் நின்றும் பார்த்தாள். யாரும் கூப்பிடவில்லை. திரும்பி வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு பெட்டி வாங்கினாள்.

வீட்டுக்கு வந்து மனக்கணக்குப் போட்டாள். பிள்ளை குட்டி இல்லாத வீடு, ஆடம்பரம் கிடையாது. கணவர் ஏற்கெனவே மிகைநேர வேலை பார்த்து முதுகைப் பிடித்துக்கொண்டு வருகிறார். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் வெட்டக்கூடியதாக மிஞ்சியது ஒன்றே ஒன்று, நாத்தனாரின் சம்பளம். பேனாவுக்கு ஆகிறதும் அவளுக்குக் கொடுக்கிறதும் ஏறக்குறைய ஒன்றுதான். அவளை நிறுத்தினால் அந்த ஒற்றை அறை போகும். அண்ணன் வீட்டில் வந்து மூலையில் ஒண்டிக்கொண்டு, சாப்பிடும்போது தட்டைப் பார்த்தே சாப்பிடுகிற ஆளாகிவிடுவாள். சண்டைக்காரியாக இருந்தாலும் தலை நிமிர்ந்த சண்டைக்காரியாகத்தான் அவள் வேண்டும்.

கடைக்காரர் படியவில்லை. காப்பீட்டுக்காரர்கள் படியவில்லை. கடைசியில் அக்கா நாட்களோடு பேரம் பேசினாள். இரண்டு வாரத்துக்கு ஒன்று என்பதை மாதத்துக்கு ஒன்று என்று ஆக்கிக்கொண்டாள். நாட்கள் மறுபேச்சுப் பேசாமல் படிந்தன.

"எவ்வளவு சொன்னான்?" என்று கேட்டார் கணவர்.

"பாதிக்கு முடிச்சுட்டேன்."

"அதானே பார்த்தேன்" என்று அவர் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

யாருக்கும் ஒரு துளி சந்தேகம் வரவில்லை. வேறு யாராவது ஊசியின் விலையைப் பாதியாகக் குறைத்தேன் என்றிருந்தால் ஊர் சிரித்திருக்கும். சொன்னது அக்கா ஆயிற்றே! விஷயம் தெரு முழுக்கப் பரவி, மூலைக்கடைப் பூட்டுக்காரர் ஒரு நாள் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். "அக்கா, எங்கம்மாவுக்கும் சர்க்கரை ஊசி போடறோம். நீங்க ஒரு வார்த்தை வந்து பேசுனீங்கன்னா…" அக்காவுக்கு வியர்த்துவிட்டது. "எனக்கு மட்டும்தான்னு அந்த ஆள் சத்தியம் வாங்கிட்டாருப்பா" என்று சமாளித்து அனுப்பினாள்.

அடுத்து நாத்தனாரைச் சமாளிக்க வேண்டும். "இனிமே நானே தனியா போட்டுக்கறேன். நீ கத்தறதுல எனக்கு ரத்தக்கொதிப்பு வருது" என்றாள். நாத்தனாரின் முகம் தொங்கிப்போனது. பேனா இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளிலும் அக்கா குளியலறைக்குள் போய்த் தாழ் போடுவாள். எழுதுகிற பால்பாயின்ட் பேனாவின் தலையை அமுக்குவாள். 'டிக்.' கொஞ்சம் பொறுத்து மறுபடி, 'டிக்.' பிறகு ஒன்றும் இல்லாத இடத்தில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு வெளியே வருவாள். முதல் டிக்குக்குக் கதவுக்கு வெளியே "ஐயோ அம்மா!" என்று குரல் வரும். வெறும் பால்பாயின்ட் பேனாவுக்கு அவள் கதறுவதைக் கேட்டு உள்ளே அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

கொஞ்ச காலம் ஒன்றும் ஆகவில்லை. ஜெயித்துவிட்டோம் என்றுதான் அக்கா நினைத்தாள். பிறகு வலி மெல்ல எட்டிப் பார்த்தது. காலையில் நாத்தனார் வருவதற்கு முன்பே எழுந்து வெந்நீரில் கையை ஊறவைக்க வேண்டியிருந்தது. வரி அலுவலகத்துப் பெண்ணுக்குப் புருவத்தின் வால் காணாமல் போனது. "இப்ப இதுதான் ஃபேஷன்" என்றாள் அக்கா. தையற்கடைக்காரிக்கு ஒரு பக்கம் மெலிந்துவிட்டது. நூல் சரியில்லை என்று நாத்தனார் நூல்காரனைத் திட்டினாள். அவள் குறித்துக் கொடுத்த நாளில்தான், பேனா வாரம் என்று நம்பித்தான், இவர்கள் எல்லோரும் வந்தார்கள். இரவில் படுத்தால் விரல்கள் விண்விண்ணென்று தெறித்தன. அக்கா பயந்தாள். இந்தக் கையை விட்டால் அவளுக்கு வேறு சொத்து இல்லை.

அப்போதுதான் பெரிய டீச்சர் வந்தார். பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை. அந்த மாதத்தோடு ஓய்வு. பள்ளியின் கூடத்தில் இதுவரை இருந்த தலைமையாசிரியர்களின் படம் வரிசையாக மாட்டியிருக்கும். இவர் படமும் அதில் ஏறப்போகிறது. வியாழக்கிழமை காலையில் போட்டோ. நாத்தனார் யோசித்து, பேனா ஞாயிறு பார்த்து, புதன்கிழமை குறித்துக் கொடுத்திருந்தாள். அந்த ஞாயிறு பால்பாயின்ட் ஞாயிறு.

இடது புருவம் அழகாக வந்தது. வலது புருவத்தில் பாதி வேலையில் ஆள்காட்டி விரல் விறைத்து, நூல் துள்ளி, நடுவில் ஒரு கொத்து சேர்ந்து வந்துவிட்டது. சரிசெய்கிறேன் என்று கீழே எடுத்தாள்; புருவம் மேலே ஏறியது. இன்னும் கொஞ்சம் எடுத்தாள்; இன்னும் ஏறியது. இதற்கு மேல் எடுத்தால் ஒன்றும் மிஞ்சாது என்று தெரிந்ததும் நூலைக் கீழே போட்டுவிட்டாள். கண்ணாடியில் பெரிய டீச்சரின் முகம், யாரோ புளுகியதைக் கேட்டு "அப்படியா?" என்று கேட்பதுபோல் நின்றது. நாத்தனார் மைப் பென்சிலால் என்னென்னவோ செய்து பார்த்தாள். டீச்சர் காசைக் கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்துப் போட்டோவோடு வந்தார். அக்கா எழுந்து நின்றாள்.

"உக்காரும்மா. எல்லாருக்கும் படம் பிடிச்சுப்போச்சு. இத்தனை வருஷமா பிள்ளைங்க சொன்ன பொய்க்கெல்லாம் இந்த முகம்தான் காட்டினேனாம். அச்சு அசலா நான்தானாம்" என்று சிரித்தார். பிறகு நாத்தனார் பக்கம் திரும்பினார். "ஆனா ஒரு சந்தேகம். ஞாயித்துக்கிழமை பேனான்னு நீ சொன்னே. புதன்கிழமையே கை இப்படி இருந்தா, ஒண்ணு மருந்து கெட்டிருக்கணும். இல்ல, மருந்து உள்ள போயிருக்காது."

சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்தார். அந்தப் புருவத்துக்கு எதிரில் நின்று யாராலும் பொய் சொல்ல முடியாது. அக்கா தரையைப் பார்த்தாள்.

நாத்தனார் உள்ளே போனாள். ஃப்ரிட்ஜ் திறக்கிற சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை போட்டதாகச் சொன்ன பேனா, மூடிகூடக் கழற்றாமல் பெட்டிக்குள் படுத்திருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இது என்ன அண்ணி?"

"அது… அடுத்த மாசத்துக்கு."

"பாதி விலைக்கு வாங்கினேன்னீங்க?"

"பாதிச் செலவுன்னு வச்சுக்கோயேன். போடறதும் பாதி" என்றாள் அக்கா, சின்னக் குரலில்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து எத்தனை நாள் வைத்திருக்க முடியும்? நாத்தனார் கத்துவாள் என்று அக்கா காத்திருந்தாள். அவள் கத்தவில்லை. பேனாவைப் பத்திரமாகத் திரும்ப வைத்துவிட்டு வந்து, சோபாவில் உட்கார்ந்து, கையால் முகத்தை மூடிக்கொண்டாள். அது அக்காவை உலுக்கிவிட்டது. மறுநாள் கடைக்கு விடுமுறை. நாத்தனார் ஆஸ்பத்திரிக்கு அண்ணியைக் கூட்டிக்கொண்டு போனாள். கூட்டிக்கொண்டு என்பது மரியாதைக்குச் சொல்வது, இழுத்துக்கொண்டுதான் போனாள்.

டாக்டரம்மா கையை நீட்டச் சொன்னார். விரலை மடக்கச் சொன்னார். பாதிதான் மடங்கியது. நாத்தனார் ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் ஒப்பித்தாள், பால்பாயின்ட் பேனா உட்பட. அதைக் கேட்டு டாக்டரம்மாவுக்கு வந்த சிரிப்பைக் கோபம் வந்து தடுத்தது.

"என்கிட்ட ஏம்மா சொல்லலை?"

"டாக்டர்கிட்டப் போய் எப்படி விலை பேசறது?" என்றாள் அக்கா. "முடியலைன்னு சொன்னா, இவளுக்கு எதுக்கு நல்ல மருந்துன்னு நினைச்சுருவீங்களோன்னு…"

"உருளைக்கிழங்குக்காரர்கிட்ட அரைமணி நேரம் வாயாடுவாங்க டாக்டர்" என்றாள் நாத்தனார். "இங்க வந்தா வாய்ல நூலைக் கடிச்ச மாதிரி உக்காந்திருக்காங்க. அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்?"

"வலிக்குதுன்னு சொல்ற மாதிரிதாம்மா இதுவும். சொன்னாத்தானே என்னால பார்க்க முடியும்?" டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டார். "இதே மருந்தை இப்ப வேற கம்பெனிகளும் தயாரிக்கறாங்க. அதே வேலையைச் செய்யும், விலை நல்லாக் குறைவு. அதுக்கு மாத்தி எழுதறேன். கீழ உதவிப் பிரிவு இருக்கு, அங்க விண்ணப்பம் போட்டா அதுலயும் ஒரு பங்கைக் குறைப்பாங்க. எல்லாம் கேக்கறவங்களுக்குக் கிடைக்கறதுதான். ஆனா ஒண்ணு சொல்லணும். மருந்தை இப்படி விட்டு விட்டுப் போட்டா, சில பேருக்கு உடம்பு மருந்தையே எதிரின்னு நினைக்க ஆரம்பிச்சுரும். அப்புறம் ஒழுங்காப் போட்டாலும் வேலை செய்யாம போகலாம். உங்களுக்கு எப்படின்னு சில வாரம் போட்டுப் பார்த்தாத்தான் தெரியும்."

அக்கா தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காசு மிச்சம் பிடிக்கப் போய்க் கையையே கொடுத்துவிட்டோமோ என்று அப்போதுதான் அவளுக்கு முதன்முதலாகத் தோன்றியது. கண் கலங்கிவிட்டது.

"உதவி வர ரெண்டு மூணு மாசம் ஆகும்" என்றார் டாக்டரம்மா. "அதுவரைக்கும் வேற ஏதாவது செலவைக் குறைச்சுக்க முடியுமா?"

"முடியாது." கேள்வி முடியுமுன் பதில் வந்தது.

"ஏன் முடியாது?" என்றாள் நாத்தனார். "சாயம் விலை அதிகம்."

"அது பாதிவிலைக்குத்தான் வருது."

"அண்ணனோட சிகரெட்?"

"போன வருஷமே நிறுத்தியாச்சு."

"அப்ப அப்படி என்னதான் செலவு? கடைக்கு வாடகை கிடையாது. சாமான் எல்லாம் பாதிவிலை. மாசாமாசம் நீங்க முழுசா எடுத்து வைக்கறது…"

நாத்தனாரின் வாய் திறந்தபடியே நின்றது. டாக்டரம்மா மருந்துச் சீட்டு எழுதுவதில் தேவைக்கு மேல் கவனமாக இருந்தார்.

வெளியே நடைபாதைக்கு வந்ததும்தான் வெடித்தது. "யாரைக் கேட்டுச் செஞ்சீங்க? நான் கேட்டேனா? என் சம்பளத்துக்காக உங்க கையை முடமாக்கச் சொல்லி நான் கேட்டேனா? இந்த மாசத்துலேருந்து எனக்குப் பாதி போதும்."

"முழுசும் தருவேன்."

"பாதி."

"முக்கால்!"

"பாதின்னா பாதி. அதுக்கு மேல ஒரு காசு வச்சீங்கன்னா நாளைக்குக் கடைக்கே வரமாட்டேன்."

"உன் வாடகை?"

"ரெண்டு மாசம் பொறுக்கச் சொல்லி வீட்டுக்காரம்மாகிட்ட நான் பேசிக்கறேன். எனக்கும் வாய் இருக்கு. அங்க இங்க பார்த்து நானும் கத்துக்கிட்டுத்தான் இருக்கேன்." பெஞ்சில் உட்கார்ந்திருந்த நோயாளிகள் மருந்துச் சீட்டை மடியில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். சம்பளம் கொடுக்கிறவள் ஏற்றுகிறாள், வாங்குகிறவள் இறக்குகிறாள். அப்படி ஒரு பேரத்தை அவர்கள் கண்டதில்லை. நாத்தனார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி நின்று சொன்னாள்: "பேரம் பேசணும்னா என் சம்பளத்தோட பேசுங்க அண்ணி. உங்க கையோட பேசாதீங்க."

"சரி, பாதி. இரு, போகாதே" என்று கூப்பிட்டாள் அக்கா. எதிராளியைக் கூப்பிட்டுப் பழக்கமில்லாததால் குரல் உடைந்துவிட்டது.

அதன் பிறகு உதவிப் பிரிவின் ஜன்னலில் அக்கா வாயைத் திறந்தாள். இத்தனை நாள் அடைத்து வைத்திருந்ததை எல்லாம் சேர்த்துத் திறந்தாள் என்று சொல்ல வேண்டும். என்னென்ன காகிதம், எத்தனை நாள், இன்னும் குறைக்க வழி உண்டா, இல்லை என்றால் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டு, ஜன்னலில் இருந்தவருக்கு நாக்கு வறண்டுவிட்டது. கையோடு பூட்டுக்காரரின் அம்மாவுக்கும் ஒரு விண்ணப்பத் தாள் வாங்கி வந்தாள். வீட்டில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "என்கிட்ட மட்டும் முழு விலை சொல்லு, இனிமே" என்றார் அவர்.

புதிய பேனாவுக்கு மூடி வேறு நிறம். டிக் சத்தம் அதேதான். குளியலறைக் கதவு மூடப்படவில்லை. நாத்தனார் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, தெருவே கேட்கும்படி அலறினாள். முதல் பேனாவுக்குப் பலன் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதுக்கும் தெரியவில்லை. அக்கா நூலைத் தொடவே இல்லை. சாயத்தையும் முடி வெட்டுவதையும் வைத்து இருவரும் கடையை ஓட்டினார்கள். உதவிப் பிரிவிலிருந்து அனுமதி வந்த நாளில்கூட அக்காவால் முழுசாகச் சந்தோஷப்பட முடியவில்லை. மருந்து மலிந்துவிட்டது, சரி. அது வேலை செய்ய வேண்டுமே. அதை யாரிடம் போய்க் கேட்பது? காலையில் கண் விழித்ததும் விரலை மடக்கிப் பார்க்கக்கூடப் பயந்து கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருப்பாள்.

ஒரு நாள் காலையில் நாத்தனார் வழக்கம்போல வந்தாள். அக்கா அடுப்பு மேடையைத் துடைத்துவிட்டு, ஈரத்துணியை இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிந்துகொண்டு, நூல்காரன் ஏமாற்றியதைப் பற்றி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். தண்ணீர் சொட்டு சொட்டாக நின்றுபோகிற வரை பிழிந்தாள். தான் என்ன செய்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. நாத்தனார் வாசற்படியிலேயே நின்று பார்த்தாள். நேராக முன்னறைக்குப் போய், நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, தலையைச் சாய்த்தாள்.

"எனக்குப் புருவம் எடுங்க அண்ணி."

அக்கா துணியும் கையுமாக நின்றுவிட்டாள். இத்தனை வருஷத்தில் நாத்தனார் தன் புருவத்தை அவளிடம் கொடுத்ததில்லை. கட்டியவன் போன பிறகு யாருக்காக அழகு பண்ணிக்கணும் என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாள்.

"கோணலாப் போச்சுன்னா?"

"போகட்டும். என் மூஞ்சிதானே."

அக்கா பவுடர் தடவினாள். நூலைப் பல்லில் கடித்து முறுக்கினாள். நாத்தனார் புருவத்தின் மேலும் கீழும் தோலைத் தன் விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். நூல் விரிந்தது, மூடியது, விரிந்தது, மூடியது. ஒரு பக்கம் முடிந்தது. மறுபக்கத்தில் பாதி வந்தபோது அக்காவுக்கு மூச்சே நின்றுவிடும்போல் இருந்தது, கை நிற்கவில்லை. கடைசி முடியையும் எடுத்துவிட்டு நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாள்.

இரண்டு புருவமும் ஒன்றுபோல் இருந்தன. நாத்தனார் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அழத் தொடங்கினாள். முதல் தடவை புருவம் எடுக்கிறவர்களுக்குக் கண்ணில் நீர் வருவது சகஜம்தான். ஆனால் நூல் வலிக்கு யாரும் அப்படித் தேம்பித் தேம்பி அழுவதில்லை. அக்கா வாயில் நூலோடு அவளைச் சேர்த்து அணைத்து, தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வலிக்குது அண்ணி" என்றாள் நாத்தனார். "விடாதீங்க."